நிலவறையில் மறுபேச்சு

“தாளிச்ச கடுகு கருகிப்போனத வச்சு என் மூக்க எடை போடாதட்டி. அன்னைக்கு எனக்குச் சளி. சளி பிடிச்சா உனக்கு மட்டும் மணக்குமோ? இந்தப் படியில ஏறி இறங்கியே என் முட்டி தேஞ்சுபோச்சு, நேத்து வந்தவ நீ, மாமி வேண்டாம் இந்த வருசம் சூசை முதல்ல சொல்லட்டும்ங்க. சூசை என்ன சொல்லுவான்? அவன் பேரக் கேட்டாலே அம்மா மூஞ்சியப் பாத்துட்டுத்தான் சொல்லுவான்.” இப்படிச் சொல்லிக்கிட்டே அமலோற்பவம் சுவரப் பிடிச்சு நிலவறைப் படியில இறங்குனா. பின்னாலயே மருமக மயூரி, கையில கோப்பைத் தட்டு. “நான் அப்பிடிச் சொல்லேல்ல மாமி. கடுகு மட்டுமே? போன கிழமை பூனை அடுப்படி மூலையில பீ இருந்து வச்சது. நீங்கள் பக்கத்தில கதிரை போட்டு வெங்காயம் உரிச்சுக்கொண்டு இருந்தனீங்கள். அதைத்தான் கேட்டனான்.” “வெங்காயம் உரிக்கிறவளுக்கு வெங்காயம்தாம்ட்டி மணக்கும். பூனை இருந்தத மோந்து பாக்கவா என்னைய இந்த ஊருல கட்டிக் குடுத்திருக்கு?” முன்னால விளக்கோட போன சூசை சிரிச்சான். அவனுக்குச் சர்ச்சுல வச்ச பேரு யோசெஃப், ஊரே அப்படித்தான் கூப்பிடுது, பெத்தவளுக்கு மட்டும் சூசை. அமலோற்பவம் தூத்துக்குடிக்காரி. நர்சு வேலைக்குன்னு வியன்னாவுக்கு வந்தவ, கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்த லியோபோல்டுக்குக் கட்டு மாத்தப் போயி, கடைசில அந்த ஆளையே கட்டிக்கிட்டு, காம்ப்னு ஒரு ஆத்தோரத்துல இந்தத் திராட்சத் தோட்டத்துக்கு வந்து உக்காந்துட்டா. மயூரி வீட்டுக்காரங்க யாழ்ப்பாணம், ஆனா பொறந்தது வளந்தது எல்லாம் வியன்னா, ஒயின் செய்யிறதுக்குன்னே காலேஜுல படிச்சவ. வாயத் தொறந்தா சண்டைதான். அந்த வீட்டுல ஒரு முறை உண்டு. பனி விட்டப் பெறவு, பாட்டில்ல அடைக்கதுக்கு முன்னால, வீட்டுல மூத்தது யாரோ அவங்கதான் முதல்ல குடிச்சுச் சொல்லணும். அவங்க வாயத் தொறக்குற வரைக்கும் மத்தவங்க மூச்சுக் காட்டக்கூடாது. சொன்னப் பெறவும் நிலவறைக்குள்ள மறுபேச்சு கிடையாது, இருந்தா மேல சமையல்கட்டுல வச்சுப் பேசிக்கிடணும். நல்லதுன்னு அவங்க சொல்லுத பீப்பாய் மேல சாக்பீஸால ஒரு வட்டம். வட்டம் விழுந்ததுதான் வீட்டுப் பேரு போட்டு வெளிய போவும். லியோபோல்டு போனதுலேர்ந்து அந்த வாய் அமலோற்பவத்தோட வாய். இன்னைக்கும் அவதான் சொல்லப்போறா. ஆனா மூக்குல ஒண்ணும் இல்ல. அறுவடைக்குப் பெறவு கொஞ்சங் கொஞ்சமாப் போயி, கிறிஸ்மஸுக்குள்ள சுத்தமாப் போயிட்டு. அது இங்க யாருக்கும் தெரியாது, தெரியக்கூடாது, இந்த ஒரு மத்தியானத்தத் தாண்டிட்டாப் போதும், மாதாவே, இந்த ஒரு மத்தியானம்.

சூசை முதல் பீப்பாய்க்குள்ள கண்ணாடிக் குழாய விட்டு உறிஞ்சி அவ கோப்பையில ஊத்துனான். கிரூனர் வெல்ட்லீனர்ங்கிற வெள்ளத் திராட்ச, ஆத்துக்குக் கிட்ட மஞ்ச மண்ணுல வெளஞ்சது. அது அவளுக்குத் தெரியும், எந்தப் பீப்பாய் எந்தத் தோட்டம்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா, அதுதான் இப்பக் கையில இருக்குற ஒரே துணை. கோப்பையச் சுத்துனா, மூக்க உள்ள விட்டா. குளுந்த காத்து. அம்புட்டுத்தான். சாமான் எல்லாம் தூக்கிட்டுப் போயிட்ட வீட்டுக்குள்ள எட்டிப் பாக்குற மாதிரி இருந்துது, சுவரு இருக்கு, ஆணி அடிச்ச தடம் இருக்கு, ஆளு இல்ல. வாயில விட்டு உருட்டுனா. புளிப்பு இருக்கு, நாக்கு ரெண்டு ஓரத்துலயும் ஊறுது, கடைசில அடித்தொண்டையில சின்னதா ஒரு கடி. நாக்கு இன்னும் ஓடிப்போகல, நல்ல பிள்ள. இப்ப என்ன செய்யணும்? கதை சொல்லணும். கதை சொல்லிக்கிட்டே மயூரி மூஞ்சியப் பாக்கணும். மத்தவங்க பேசத்தான் கூடாது, மோந்து பாக்கலாம், மயூரி கோப்பைக்குள்ள தலைய விட்டான்னா அவ மூஞ்சி சுவரொட்டி மாதிரி எல்லாத்தையும் எழுதிக் காட்டிரும், புருவம் மேல போனா மிளகு தூக்கலு, உதடு குவிஞ்சா பழம், மூக்கு நுனி சுருங்குனா ஏதோ கோளாறு. “முதமுத உங்கப்பா இத என் கையில குடுத்தப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமால சூசை? இது எங்கம்மா காச்சலுக்கு வைக்கிற ரசம்லா, மிளகு ரசத்த ஆறவச்சுக் கோப்பையில ஊத்தித் தந்து ஏமாத்துதியளான்னு கேட்டேன். உங்க பாட்டிக்காரி ரோசா, அந்தா அங்கதான் நின்னா, என்ன சொல்லுதான்னு கேட்டா. சூப்பு மாதிரி இருக்குங்கான்னு உங்கப்பா சொல்லிட்டாரு. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சூப்பு மட்டுந்தான். ரொட்டி கிடையாது, கறி கிடையாது. தாயும் மவனும் எதுக்க உக்காந்து தின்னுதாவ.” சூசை இந்தக் கதைய வருசா வருசம் கேக்குறவன், சிரிச்சு வச்சான். மயூரி புருவம் ஏறுச்சு. “மிளகு நல்லா ஏறியிருக்கு”ன்னா அமலோற்பவம். “ஓம், மிளகு இருக்கு. பச்சை ஆப்பிளும் இருக்கு, அதைச் சொல்லேல்ல நீங்கள்”னா மயூரி. “நிலவறைக்குள்ள மறுபேச்சு இல்லட்டி.” “இது மறுபேச்சில்ல மாமி, மிச்சப் பேச்சு.” ஒண்ணு தாண்டியாச்சு.

முதல்ல காப்பிதான் போச்சு. கடைக்காரன் ஏமாத்துதான்னு நெனச்சு காப்பித்தூள மாத்துனா, பெறவும் வெந்நீதான். அடுத்தது சோப்பு. குளிச்சிட்டு வந்து கையை மோந்து பாத்தா கை இருக்கு, சோப்பு இல்ல. அப்பவும் பயம் வரல. அலமாரியில லியோபோல்டோட கம்பளிக் கோட்டு தொங்குது, அவரு போனப் பெறவும் அத யாருக்கும் குடுக்கல, காலையில எந்திரிச்சதும் அதுக்குள்ள மூஞ்சிய வச்சு ஒரு தரம் இழுத்துட்டுத்தான் மத்த வேலை. புகையில, ஈரமரம், ஆட்டு ரோமம், அதுக்கெல்லாம் அடியில அந்த மனுசன். ஒருநாள் மூஞ்சிய வச்சா வெறும் கம்பளி. கன்னத்துல குத்துது, அம்புட்டுத்தான். தலையத் திருப்பிக் கோட்டுக் கைய மோந்தா, காலர மோந்தா, பைய உள்ள வெளிய இழுத்துப் போட்டு மோந்தா, ஒரு மனுசன் ரெண்டாம் தடவ சாவுறத அப்பத்தான் பாத்தா. அன்னைக்குத்தான் பயம் வந்து ஒட்டிக்கிட்டு. கண்ணு பாக்கப் போறேன்னு சூசைட்ட சொல்லிட்டுப் பஸ் ஏறி டவுனுக்குப் போனா. அந்த டாக்டர் பொம்பள சின்னப் பிள்ளைக கலர் பென்சில் மாதிரி ஒரு கட்ட எடுத்து வச்சிக்கிட்டு ஒவ்வொண்ணா மூடியக் கழத்தி மூக்குக்குக் கீழ ஆட்டுனா. இது ஆரஞ்சா, தோலா, மீனா, ரோசாப்பூவான்னு கேக்குறா. மீனான்னு கேக்குறா. யாருட்ட வந்து கேக்குற தாயி? கட்டுமரம் கரைக்கு வருமுன்னால காத்துலயே சாளையா, நெத்திலியான்னு சொன்ன மூக்கு இது. மீன்தான்னு சொன்னா. டாக்டர் எழுதிக்கிட்டா, மூஞ்சியக் காட்டல. அது மீன் இல்லன்னு அவ எழுதுன வேகத்துலயே தெரிஞ்சுபோச்சு. வைரஸா இருக்கலாம், வயசா இருக்கலாம், சில பேருக்கு மட்டும் இது வேற ஒண்ணோட ஆரம்பமாவும் இருக்கலாம்னு அந்தப் பொம்பள மெத்துமெத்துன்னு சொன்னா. வீட்டுல யாருக்காவது கை நடுக்கம், ஞாபகமறதி இருந்துதான்னு கேட்டா. எங்க வீட்டுல இல்ல, மாமியாருக்கு இருந்துது, மாமியாரு ரத்தம் எனக்கு வராதுல்லான்னு கேட்டா அமலோற்பவம். டாக்டர் சிரிச்சா. வராதுதான். ஆனா அது எப்படி வருதுன்னு கிட்ட இருந்து பாத்த கண்ணு இருக்கே, அதுக்கு என்ன மருந்து குடுப்ப நீ?

ரெண்டாவது பீப்பாய் வந்துது. அதுவும் கிரூனர்தான், மேட்டுத் தோட்டத்துது, கனமா இருக்கும். சூசை ஊத்தையில அவ தன்னையறியாம இடது கைய நீட்டிட்டா. “அம்மா, இப்ப மார்ச்சு மாசம்லா, வலது கை”ன்னான் அவன் விளையாட்டா. அது இந்த ஊரு வழக்கம். புது ஒயின் கலங்கலாப் பொங்கிக்கிட்டு இருக்குற மாசத்துல அதுக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகலன்னு சொல்லி எல்லாரும் இடது கையிலதான் கோப்பையப் பிடிப்பாங்க, வாழ்த்துச் சொல்லி மோதிக்கிடவும் மாட்டாங்க. நவம்பர்ல வாற மார்ட்டின் திருநாளைக்குச் சாமியாரு வந்து மந்திரிச்சு, அதுக்கு ஒரு ஞானத்தகப்பன் நின்னு பேரு வச்சப் பெறவுதான் வலது கை. சூசை பொறந்த வருசம் இதப் போன்ல அம்மாட்ட சொன்னா, இங்க சாராயத்துக்கும் ஞானஸ்நானம் குடுக்காவம்மான்னு. அம்மா திருப்பிக் கேட்டா, உம்பிள்ளைக்குக் குடுக்கையில ஊரெல்லாம் கூப்பிட்டியே, அந்தச் சாராயத்துக்கு நிக்க ஆளுண்டான்னு. எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருப்பா அம்மா. அம்மாவோட வாசம் என்ன? அமலோற்பவம் கோப்பையச் சுத்திக்கிட்டே தேடுனா. உப்பளத்துல வேலை செஞ்ச பொம்பள, சாயங்காலம் வீட்டுக்கு வந்தா முந்தானையில உப்பு இருக்கும், வேர்வ இருக்கும், வெத்தல இருக்கும், வார்த்தை எல்லாம் வரிசையா வருது, வாசம் வரல. மூக்கு செத்தா மூக்குதான் சாவும்னு நெனச்சா, உள்ள பூட்டி வச்சதையும் வந்து எடுத்துட்டுப் போவுமா? ஏதோ ஒரு கை உள்ள பூந்து சாமானத் தூக்கிக்கிட்டு இருக்கு. வாசலோட போயிருமா, மாடிக்கும் ஏறுமா? ரோசாக் கிழவிக்கு ஏறுச்சு. ரோசாவுக்கும் முதல்ல மூக்குதான். தோட்டத்து ஒயினக் குடிக்க வாற ஆளுகளுக்குக் கெட்டுப்போன பன்னிக்கறிய மெலிசா மெலிசாச் சீவி, மேல காரமான குதிரை முள்ளங்கியத் துருவிப் போட்டுச் சிரிச்ச மூஞ்சியாக் கொண்டு வச்சா. வாய்ல வச்ச ஆளு துப்பிட்டு எந்திரிச்சான். இறைச்சிக்காரன் ஏமாத்திட்டான்னா கிழவி. அதுக்குப் பெறவு ரெண்டு மூணு வருசம் கழிச்சுக் கை ஆடுச்சு. அப்புறம் காலு. அப்புறம் ராத்திரி மவனப் பாத்து, திருடன் வந்துட்டான்னு சன்னலத் தொறந்து கத்துனா.

“அம்மா, என்ன சொல்லுதிய?”ன்னு சூசை கேட்டான். எம்புட்டு நேரம் நின்னா? கோப்பையில பாதி இல்ல, குடிச்சிருக்கா போல. “பெத்தவன் பிள்ளைய அவசரப்படுத்தக் கூடாதுல. இதுக்கு வயசு காணாது. இன்னும் கிடக்கட்டும்”னா. வாயி கெட்டியா இருந்துது, கசப்பு பின்னால நின்னுது, அத வச்சு ஒரு குத்துமதிப்பு. சூசை தலைய ஆட்டுனான். ஆனா மயூரி விடல. “இல்லை மாமி. இது இப்பவே சரியா நிக்குது. இன்னும் விட்டா பீப்பாய் மரத்து மணம் ஏறிப் பழ மணம் செத்துப்போகும். நீங்கள் விளங்காமச் சொல்லுறியள்.” “விளங்காமச் சொல்லுதேனா? உன் வாத்தியாருக்கு அப்பன் பால்குடிக்கையில...” “என்ர வாத்தியார் ஒரு பொம்பிளை மாமி. அவவுக்கும் உங்கட வயசுதான்.” “அப்ப அவளக் கூட்டிட்டு வந்து குடிக்க வை, நான் மேல போயி மாவு பிசையுதேன்.” “மாவையும் நீங்கள் உப்புப் போடாமத்தான் பிசையிறியள் இப்ப.” சூசை நடுவுல விளக்க வச்சிக்கிட்டு, “ஏன் ரெண்டு பேரும் எனக்குத் தெரிஞ்ச பாஷையில சண்டை போட மாட்டேங்கிய, பாதி புரியல”ன்னு அந்த ஊரு ஜெர்மன் பேச்சுல சொன்னான். அவனுக்குத் தமிழு அப்படி, சோறு, தூக்கம், கோயிலு, அம்மா, அம்புட்டுக்குத்தான் காணும். அதக் கேட்டதும் அமலோற்பவத்துக்குள்ள பழைய பயம் ஒண்ணு எந்திரிச்சு உக்காந்துது. ரோசாக் கிழவிக்குக் கடைசிக் காலத்துல படிச்ச பேச்செல்லாம் போயி, அவ சின்னப் பிள்ளையா இருந்த ஊருப் பேச்சு மட்டும் மிஞ்சுச்சு, மலைக்கு அந்தப்பக்கத்துப் பேச்சு, லியோபோல்டுக்கே முழுசா விளங்காது. அப்படி ஒரு நாளு எனக்கும் வந்தா? இந்த ஊருப் பேச்சு முதல்ல உதிரும். கடைக்காரன், சாமியாரு, பக்கத்து வீட்டுக்காரி எல்லாரும் வாயசைக்கிற பொம்மையா ஆயிருவாவ. சூசைட்ட தண்ணி கேக்கலாம், வலிக்குங்கலாம். சின்னதுல எங்க ஊருல கட்டுமரம் சாய்ஞ்ச கதைய யாருட்ட சொல்ல? இந்த ஒருத்திட்டத்தான் சொல்லணும், இந்த வாயாடி சிறுக்கிட்ட. அவளும் நான் ஒண்ணு சொன்னா அது அப்பிடியில்ல மாமின்னு ஒண்ணு சொல்லுவா. சொல்லட்டும். அப்பிடியில்ல மாமின்னு ஒருத்தி சொல்லிக்கிட்டு இருக்குற வரைக்கும் நான் ஏதோ சொல்லிக்கிட்டு இருக்கேன்னுதான அர்த்தம்.

கடைசிப் பீப்பாய் ரீஸ்லிங்னு வேற சாதித் திராட்ச. கல்லடுக்கி வச்ச மேல்மலைத் தோட்டத்துது, லியோபோல்டு தன் கையால நட்ட கொடி, வருசா வருசம் வட்டம் விழுகிற பீப்பாய் அதுதான். அமலோற்பவத்துக்கு அதுட்ட பயமில்ல. அது தெரிஞ்ச பிள்ள. கோப்பை கைக்கு வந்ததும் மோந்து பாக்குற மாதிரி ஒரு பாவலா பண்ணிட்டு வாயில விட்டா, புளிப்பு நேரா வந்து நின்னுது, ஊசி மாதிரி, அதுக்குப் பின்னால உப்பு. ஆமா, உப்பு. கல்லுத் தோட்டத்து ஒயின்ல ஒரு உப்பு உண்டுன்னு லியோபோல்டு சொல்லுவாரு, அவ நாக்கு அதக் கண்டுபிடிச்சுது, உப்பளத்து வரப்புல செருப்பில்லாம நடந்த பிள்ளை காலு திடீர்னு கூசுச்சு, வெள்ளையாக் கண்ணு கூசுச்சு, பாத்தி பாத்தியாத் தண்ணி, தூரத்துல அம்மா முக்காடு. வாசம் இல்லாமலே வந்துட்டா அம்மா. அந்தச் சந்தோசத்துல இந்தத் தடவ அவ யாரு மூஞ்சியையும் பாக்கல, கதையும் சொல்லல, கண்ண மூடிக்கிட்டு முழுங்குனா. “இதுதாம்ல. உங்கப்பா இருந்தா அழுதிருப்பாரு. பழமும் கல்லும் ஒண்ணுக்கொண்ணு விட்டுக் குடுக்காம நிக்குது. இம்புட்டுச் சுத்தமா நான் பாத்ததில்ல. வட்டம் போடு.” கண்ணத் தொறந்தா. மயூரி அப்பத்தான் முழுங்கியிருந்தா. முழுங்குன பெறவு அவ தொண்டையில ஏதோ ஏறுச்சு, கைய எடுத்துத் தொண்டைமேல வச்சா, உதடு ரெண்டு ஓரமும் கீழ இழுத்துச்சு, பெறவு அந்த மூஞ்சிய யாரோ இஸ்திரி போட்ட மாதிரி நேராக்குனா. சூசை அவளப் பாத்தான். அவ தரையப் பாத்தா. அமலோற்பவம் காத்துக்கிட்டு நின்னா. வா, சொல்லு. அது அப்பிடியில்ல மாமின்னு சொல்லு. விளங்காமச் சொல்லுறியள்னு சொல்லு. பீப்பாய்க்குள்ள ஏதோ மெல்லச் சொட்டுன மாதிரி கேட்டுது, இல்ல அது காதுக்குள்ளயா தெரியல. “ஓம் மாமி. நீங்கள் சொல்லுறது சரிதான்”னா மயூரி. கொரலு பஞ்சு மாதிரி இருந்துது. “நல்லா வந்திருக்கு.” சூசை சாக்பீஸ எடுத்துப் பீப்பாய் மேல வட்டம் போட்டான், கை நிதானமா, பெருசா, அம்மா கண்ணுக்குத் தெரியுற மாதிரி. மயூரி வந்து மாமியோட முழங்கையப் பிடிச்சா. “வாங்கோ, குளிருது, நான் பிடிக்கிறன். மேல போய் ஒரு தேத்தண்ணி குடியுங்கோ.” அந்தக் கை இதுக்கு முன்னால அவளப் பிடிச்சதே இல்ல.

இந்தப் பஞ்சுக் கொரலு அவளுக்குத் தெரியும். அது ஒரு காலத்துல அவளே பேசுன கொரலுதான். ரோசாக் கிழவி எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுவா, நீ தேச்ச எண்ணெய் நாறுது, உன் குழம்பு சுவர்ல ஏறிட்டு, உன் பிள்ளை உன்ன மாதிரியே கத்துதுன்னு. இவளும் விட மாட்டா, வசவு வாறதுக்கு முன்னால பதில் போயிரும், லியோபோல்டு தொழுவத்துல போயி ஒளிஞ்சுக்கிடுவாரு. அந்தப் பன்னிக்கறிச் சம்பவத்துக்கு மறுநாள் கிழவி அடுப்புகிட்ட நின்னுக்கிட்டு, உன் குழம்பு நாத்தம் தாங்க முடியலன்னு கத்துனா. அடுப்புல குழம்பே இல்ல. வெறும் தண்ணி கொதிச்சுக்கிட்டு இருந்துது. அமலோற்பவம் வாயத் தொறந்தவ அப்படியே மூடிட்டு, ஆமா அத்தை, சன்னலத் தொறக்கேன்னா. அதுக்கப்புறம் அந்த வீட்டுல சண்டையே இல்ல. ஊரே மெச்சுச்சு, அந்த இந்தியாக்காரி எம்புட்டுப் பொறும பாருன்னு. கிழவிதான் அதுலேர்ந்து நாளுக்கு நாளு சுருங்குனா. என்ன சொன்னாலும் ஆமா, எத மறந்தாலும் பரவாயில்ல, உப்புக்குப் பதிலாச் சீனியப் போட்டாலும் நல்லாருக்கு. ஒருநாள் கிழவி இவ கையப் பிடிச்சுக் கேட்டா, ஏன் என்ட்ட இப்பச் சண்டை போட மாட்டேங்கன்னு. இவ சிரிச்சுக்கிட்டே போர்வைய இழுத்து விட்டா. நர்சுலா, அந்தச் சிரிப்பு வேலையோட வந்தது.

படியில பாதி ஏறுனதும் முட்டி மடங்கல. “நீ போயி அவனுக்கு ஒத்தாசையாக் கோப்பையக் கழுவு, நான் மெல்ல வாரேன்”னு மயூரிய அனுப்பிட்டு, சுவத்துல சாய்ஞ்சு நின்னா. கீழ வெளிச்சம் மஞ்சளாக் கிடந்துது. அவங்க ரெண்டு பேரும் அந்த ஊருப் பேச்சுல மெதுவாப் பேசிக்கிட்டது சுவர் வழியா ஏறி வந்துது. எலி, ங்கான் சூசை, கெட்டுப்போற ஒயினுக்கு அவங்க சொல்லுத பேரு. எலிப்புழுக்கை நாத்தம், முழுங்குன பெறவுதான் தொண்டையில வருது, இதுக்கு வைத்தியமே கிடையாது, முழுசும் கொட்டணும், அப்பா நட்ட கொடிங்கான். மயூரி, எப்பலேர்ந்து அவவுக்கு இப்பிடின்னு கேக்கா. கிறிஸ்மஸுக்கு முன்னாலயேங்கான் அவன், அப்பாவோட கோட்டு எல்லாப் பையும் வெளிய தொங்கிக்கிட்டுக் கிடந்துது அன்னைக்கேங்கான். அப்ப அவனுக்குத் தெரியும். இத்தன நாளாத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் விளக்கப் பிடிச்சிக்கிட்டுச் சிரிச்சிருக்கான். அமலோற்பவம் எட்டிப் பாத்தா. பாக்கக்கூடாதுன்னு நெனச்சுக்கிட்டேதான் பாத்தா. மயூரி விளக்கத் தூக்கிப் பிடிச்சிருந்தா. சூசை சட்டைக்கைய மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டு, அந்த வட்டத்த அழிச்சிக்கிட்டு இருந்தான். மரத்துல சாக்பீஸ் உரசுற சத்தம் இல்ல, துணி உரசுற சத்தம், மெத்துன்னு, தூங்குற பிள்ளைய எழுப்பாமத் தொட்டில் துணிய மாத்துற மாதிரி. இதே எடத்துல லியோபோல்டு அவரோட அம்மா போட்ட வட்டத்த இதே மாதிரி அழிச்சாரு, அன்னைக்கு விளக்கத் தூக்கிப் பிடிச்சது அமலோற்பவம். வருசா வருசம் கிழவி சொல்லுவா, இவங்க தலைய ஆட்டுவாங்க, கிழவி படியேறுனதும் அழிச்சிட்டு நல்ல பீப்பாய்ல போடுவாங்க. அப்ப இவளுக்குத் தோணவே இல்லயே, கிழவிக்கும் முட்டி வலிக்கும், கிழவியும் படியில பாதியில நிப்பான்னு. நின்னாளா? இந்தச் சுவத்துலதான் சாய்ஞ்சாளா? இந்தக் குளுந்த கல்லுல கன்னத்த வச்சிக்கிட்டு எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் மேல வந்து எங்ககூடச் சாப்புட உக்காந்தாளா? கேக்குறதுக்கு ஆளில்ல. கல்லு மட்டும் இருக்கு, கல்லு மணக்கல.

மேல வந்து சமையல்கட்டு நாற்காலியில உக்காந்தா. கையைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா. ஆடுதா? ஆடல. ஆடுதோ? சன்னல்ல வெயில் விழுந்ததால விரலோட நிழல்தான் ஆடுச்சு போல. இன்னைக்கு இல்ல. நாளைக்கும் இல்லாம இருக்கலாம். அந்த டாக்டர் சில பேருக்குத்தான்னா, சில பேருக்கு ஒண்ணுமே வராது, வெறும் மூக்கோட போயிரும்னா. அது தெரிய வருசம் ஆவும். அதுவரைக்கும் என்னவா இருக்க? கீழேருந்து அவங்க ரெண்டு பேரும் ஏறி வந்தாங்க. சூசை ஒண்ணும் நடக்காத மாதிரிக் கைய உதறிக்கிட்டு ஆபீஸ் ரூமுக்குள்ள போனான், சட்டைக்கையில வெள்ளையாச் சாக்பீஸ் கறை. மயூரி அடுப்பப் பத்தவச்சு, தண்ணி வச்சு, தேத்தண்ணியக் கொண்டாந்து முன்னால வச்சா. “ரெண்டு கரண்டி சீனி போட்டிருக்கிறன் மாமி.” அமலோற்பவம் சீனி போட்டுக் குடிக்க மாட்டா, அதுக்காக இந்த மேசையில நடந்த சண்டை கொஞ்சமா? சீனி உடம்புக்குக் கேடுன்னு இவ, தேத்தண்ணிக்குச் சீனி வேணும்னு அவ. ஒரு வாய் குடிச்சா. “சோப்புத் தண்ணி மாதிரி இருக்கு. எங்க ஊருல இத நாய்க்கும் வைக்க மாட்டாவ”ன்னா. சொல்லிட்டுத் தலைய நிமித்தி அவளையே பாத்தா. வா தாயி. உங்க ஊரு நாய்க்குத் தேத்தண்ணி விளங்காதுன்னு சொல்லு. எங்கட யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிய உங்களுக்குக் குடிக்கத் தெரியாதுன்னு சொல்லு. மயூரி, “சரி மாமி, வேற போட்டுத் தாறன்”னு கோப்பைய எடுத்துட்டுப் போயிட்டா. போற முதுகு எம்புட்டு அடக்கமாப் போவுது. கல்யாண வீட்டுக்கு வந்த விருந்தாளிட்டக்கூட இம்புட்டு மரியாத இருக்காது. இப்படியே போனா சாவுற வரைக்கும் இந்த வீட்டுல எனக்கு மரியாததான். வாய்க்கு வாய் சரி மாமி, ஓம் மாமி. நான் சொல்லுதது ஒவ்வொண்ணையும் முதுகுக்குப் பின்னால துணியால துடைச்சுக்கிட்டு இருப்பாவ. என்னைய உயிரோட வச்சுக்கிட்டே கொஞ்சங் கொஞ்சமா அழிப்பாவ, நல்ல பிள்ளைக, ரெண்டும் நல்ல பிள்ளைக, அதுதான் பயமா இருக்கு. சன்னலுக்கு வெளிய பாத்தா. கொல்லையில கொடியில சூசையோட சட்டை, படுக்கை விரிப்பு எல்லாம் ஈரமாத் தொங்குது. அதுக்கு மேல வானம், ஒரு பொட்டு மேகம் கிடையாது, கழுவி விட்ட பீங்கான் மாதிரி நீலமா, மலைக்கு அந்தப்பக்கம் வரைக்கும் சுத்தமாக் கிடக்கு. கிறுக்குப் பிடிச்சவகூட இன்னைக்கு மழைன்னு சொல்ல மாட்டா. மயூரி அடுப்படியில முதுகக் காட்டி நிக்கா, தோளு ரெண்டும் தளந்து. அந்தத் தோளு ஒரு தரம் விறைக்கணும். திரும்பி, இடுப்புல கைய வச்சு, கிறுக்கான்னு கேக்குற மாதிரி, உங்களுக்கு விசரா மாமின்னு ஒரு வார்த்த கேக்கணும். ஒரே ஒரு வார்த்த. அமலோற்பவம் மேசையப் பிடிச்சு நிமிந்து உக்காந்து, தொண்டையச் செருமிக்கிட்டு, பழைய கொரல எங்கேருந்தோ தேடி எடுத்துக் கூப்பிட்டா:

“ஏட்டி மயூரி, அங்க என்ன பராக்குப் பாத்துக்கிட்டு நிக்க? மண்வாசம் மூக்கத் தொளைக்கி, மழை கிட்ட வந்துட்டு. ஓடிப்போயி அந்தக் கொடித் துணியெல்லாம் உள்ள எடுத்துட்டு வா.”